போர்க்கதையில் ஒரு சிப்பாயின் மனம்: அதை யார் வளைக்கிறார்கள், எங்கே உடைகிறது?

போர்ப்படம் ஒன்று ஓடிடியில் வந்துவிட்டால் போதும், இரண்டு வார்த்தைகள் தாராளமாகப் புழங்கத் தொடங்கிவிடும். நாயகன் தாடியோடு ஜன்னலை வெறித்துப் பார்த்தால் "அவனுக்கு பிடிஎஸ்டி", அதாவது அதிர்ச்சியால் வந்த மனக்கோளாறு. தளபதி முழங்கி, படை பாய்ந்து ஓடினால் "மூளைச்சலவை". இரண்டுமே பாதி சரி, அதனால்தான் தொல்லை. முதல் வார்த்தை எல்லாவற்றையும் அந்த ஒருவனுடைய கோளாறாக்கிவிடுகிறது. இரண்டாவது, பல மாதங்கள் நடக்கும் ஒரு வேலையை ஒரே மேடைப் பேச்சாகச் சுருக்கிவிடுகிறது.

நல்ல போர் நாவல்களைக் கவனித்துப் படித்தால் இந்த இரண்டும் தனித்தனி விஷயங்கள் இல்லை என்பது தெரியும். ஒருவனைச் சண்டைக்கு லாயக்காக்கும் அதே பழக்கங்கள்தான் பின்னால் அவனை வீட்டில் நிம்மதியாக உட்காரவிடாமல் செய்கின்றன. அது எப்படி நடக்கிறது என்பதைப் படிப்படியாகப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் முதல் உலகப் போரைப் பற்றிய நாவல்களிலிருந்தே எடுத்திருக்கிறோம். சிப்பாய்களின் மனமுறிவு ராணுவ மருத்துவத்துக்குப் பெருந்தலைவலியானது அந்தப் போரில்தான்.

மனவடு என்றால் என்ன?

நாற்சந்தியில் லாரி இடித்து, காலில் பிளேட் வைத்துப் பிழைத்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து என்ன நடந்தது என்று கேட்டால், "சிக்னல் விழுந்துச்சு, வண்டிய எடுத்தேன், இடது பக்கமா வந்து அடிச்சான்" என்று வரிசையாகச் சொல்வார். இது சாதாரண நினைவு. அதே மனிதர் டீக்கடையில் நிற்கும்போது பின்னால் ஏர்ஹாரன் அலறுகிறது. டீ கிளாஸ் கையைவிட்டு நழுவுகிறது, உடம்பு துள்ளி ஒதுங்குகிறது. ஒதுங்கிய பிறகுதான் லாரி எங்கே என்று திரும்பிப் பார்க்கிறார். இந்த இரண்டாவது விஷயத்தை அவர் நினைவுகூரவில்லை. அவர் உடம்பைப் பொறுத்தவரை அது இப்போது நடக்கிறது.

பேராபத்து ஒன்று மனதில் இப்படி ஆறாமல் விட்டுச்செல்லும் காயத்தைத்தான் மனவடு என்கிறோம். மூளையில் இரண்டு பகுதிகளை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். அமிக்டலா என்பது ஆபத்தைக் கண்டு உடம்பை உசுப்பும் பகுதி. ஹிப்போகேம்பஸ் என்பது ஒரு நிகழ்ச்சி எப்போது, எங்கே நடந்தது என்று வரிசைப்படுத்தி வைக்கும் பகுதி. உயிர் போகும் நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலின் போன்ற ஹார்மோன்கள் முதல் பகுதியை முடுக்கிவிடுகின்றன, இரண்டாவதைத் தடுமாறவைக்கின்றன. விளைவாக, ஓசை, நாற்றம், தசையின் இறுக்கம் எல்லாம் ஆழமாகப் பதிகின்றன. 'அது நடந்து முடிந்துவிட்டது' என்ற தகவல் மட்டும் சரியாகப் பதிவதில்லை.

பிடிஎஸ்டி, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய அழுத்தக் கோளாறு, என்பது இதன் நோய்நிலை. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் கையேட்டின் மூன்றாம் பதிப்பில், 1980-ல், இந்தப் பெயரைச் சேர்த்தது. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களின் நெருக்குதல் அதற்கு ஒரு முக்கியக் காரணம். நான்கு வகை அறிகுறிகளைப் பார்ப்பார்கள்: நடந்தது கனவாகவோ உடல் பதற்றமாகவோ திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் தவிர்ப்பது, தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எண்ணம் கசந்துபோவது அல்லது உணர்ச்சி மரத்துப்போவது, எந்நேரமும் உஷாராக, தூக்கமின்றி, எரிந்துவிழுந்துகொண்டு இருப்பது. இவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் குலைத்தால்தான் அந்தப் பெயர். போர்க்களத்தைப் பார்த்த எல்லோருக்கும் இது வருவதில்லை, பெரும்பாலானவர்கள் மெல்ல மெல்லத் தேறிவிடுகிறார்கள். ஜன்னலை வெறிப்பது மட்டும் கணக்கில் வராது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: மனவடு என்பது சோகமோ கோழைத்தனமோ இல்லை. ஆபத்து முடிந்த பிறகும் உடம்பு ஆபத்துக்காலத்திலேயே நின்றுவிடுவது.

வளைக்கும் வேலை பாசறைக்கு முன்பே தொடங்குகிறது

எரிக் மரியா ரெமார்க்கின் 'ஆல் கொயட் ஆன் தி வெஸ்டர்ன் ஃப்ரண்ட்' ஜெர்மன் மொழியில் 1929-ல் நூலாக வந்தது. அதில் காண்டோரெக் என்றொரு ஜெர்மன் பள்ளி ஆசிரியர் வருகிறார். போர் அறிவிப்பு வந்ததும் வகுப்பில் பேசிப் பேசியே மொத்த வகுப்பையும் ஊர்வலமாக அழைத்துப்போய்ப் படையில் சேர்த்துவிடுகிறார். ஜோசப் பெம் என்ற ஒரு பையன் மட்டும் தயங்குகிறான். கடைசியில் அவனும் சேர்கிறான், சேராவிட்டால் ஊரில் தலைகாட்ட முடியாது என்பதால். அந்த வகுப்பில் முதலில் சாவதும் அவன்தான்.

பெம்மை வளைத்தது பேச்சு என்று சொல்லிவிட முடியாது. எல்லோரும் போகும்போது தான் மட்டும் நிற்கும் வெட்கம்தான் அவனைத் தள்ளியது. எதிர்த்தரப்பிலும் இதே உத்திதான். 1914 ஆகஸ்டில் இங்கிலாந்தில், சீருடை அணியாத இளைஞர்களின் கையில் பெண்கள் வெள்ளை இறகைத் திணிக்கும் வழக்கத்தை ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி ஒருவர் தொடங்கிவைத்தார். வெள்ளை இறகு என்றால் கோழை. ஒரே ஊர், ஒரே ஆலை, ஒரே கால்பந்து அணியைச் சேர்ந்தவர்கள் சேர்ந்தே பணியாற்றலாம் என்று 'பால்ஸ் பட்டாலியன்'களையும், அதாவது நண்பர்கள் படைப்பிரிவுகளையும், அமைத்தார்கள். ஆள் சேர்க்க அருமையான வழி. 1916 ஜூலை 1-ம் தேதி பிரான்ஸின் சோம் களத்தில் அக்ரிங்டன் என்ற சிறு நகரத்தின் பட்டாலியன் எழுந்து முன்னேறியபோது, அதன் எழுநூறு சொச்சம் பேரில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அரை மணி நேரத்துக்குள் செத்தோ காயம்பட்டோ விழுந்தார்கள். இழவு ஒரே ஊரின் தெருக்களில் விழுந்தது.

காண்டோரெக்கைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் வில்லன் இல்லை, தான் சொல்வதை மனதார நம்புகிறவர். வளைப்பவர் எப்போதும் தந்திரக்காரராகத்தான் இருப்பார் என்று எதிர்பார்க்கும் வாசகர் இந்த இடத்தைத் தவறவிட்டுவிடுவார்.

படுக்கையைப் 14 முறை விரிப்பது எதற்கு?

அந்த நாவலின் பையன்களுக்குப் பத்து வாரப் பயிற்சி. பயிற்றுவிப்பவர் ஹிம்மல்ஸ்டாஸ், ஊரில் தபால்காரராக இருந்தவர், இப்போது கார்ப்பொரல். கதை சொல்லும் பால் பாய்மர் ஒரே காலையில் அவருடைய படுக்கையை 14 முறை விரிக்கிறான். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு குறை கண்டுபிடித்து அதைக் கலைத்துப்போடுகிறார். பல் துலக்கும் பிரஷ்ஷால் தரையைத் தேய்க்கவைக்கிறார்.

இதை வெறும் வக்கிரம் என்று ஒதுக்கிவிட்டால் வேலைமுறை பிடிபடாது. படுக்கை நன்றாக விரிந்திருக்கிறதா என்பது இங்கே விஷயமே இல்லை. அர்த்தமுள்ள உத்தரவுக்குக் கீழ்ப்படிபவன் மனதுக்குள் தானும் ஒப்புக்கொண்டுதான் செய்கிறான். அப்படியென்றால் அடுத்த உத்தரவை அவன் ஒப்புக்கொள்ளாமலும் போகலாம். அர்த்தமற்ற உத்தரவுக்குப் 14 முறை கீழ்ப்படிந்தவனிடம் 'ஏன்' என்ற கேள்வி செத்துப்போயிருக்கும். களத்தில் "எழுந்து ஓடு" என்ற சொல் காதில் விழும்போது யோசனைக்கு முன்னால் கால் நகர வேண்டும். பயிற்சியின் நோக்கம் அதுதான்.

இதற்கென்று சில பாகங்கள் உண்டு. எல்லாப் படைகளிலும் கொஞ்சம் கூடக்குறைய இவற்றையே பார்க்கலாம். வீட்டிலிருந்து பிரிப்பது, முடியை மழித்துச் சீருடை மாட்டி ஆளுக்கு ஆள் வித்தியாசம் தெரியாமல் ஆக்குவது, தூக்கத்தைக் குறைப்பது, ஒருவன் தவறுக்கு மொத்தக் குழுவையும் தண்டிப்பது. கடைசியாகச் சொன்னதுதான் மிகக் கூர்மையானது. தண்டித்தவன் மேல் வரவேண்டிய கோபம், பக்கத்தில் நிற்கும் பலவீனமானவன் மேல் திரும்பும். அதற்குப் பிறகு அதிகாரி கண்காணிக்கத் தேவையில்லை, குழுவே ஒருவரையொருவர் கண்காணித்துக்கொள்ளும்.

ரெமார்க் இங்கே ஒரு சங்கடமான உண்மையையும் மறைக்காமல் எழுதுகிறார். அந்தக் கொடுமை தங்களைக் கடுமையானவர்களாக, சந்தேகப்பிராணிகளாக, இரக்கமற்றவர்களாக ஆக்கியது, அது நல்லதாகவும் போயிற்று, அந்தப் பயிற்சி இல்லாமல் பதுங்குகுழிக்குப் போயிருந்தால் பலருக்குப் பைத்தியம் பிடித்திருக்கும் என்கிறான் பால். ஹிம்மல்ஸ்டாஸ் மேலுள்ள பொது வெறுப்பு அவர்களை ஒன்றுசேர்க்கவும் செய்கிறது. களத்துக்குக் கிளம்பும் முன், இரவில் அவர் தலையில் படுக்கை உறையைப் போட்டுச் சாத்துகிறார்கள். பள்ளிக்கூட நட்பு அங்கேதான் சக வீரன் என்ற உறவாக மாறுகிறது. உயிரைக் காப்பாற்றும் உறவும் அதே, உயிரை வாங்கும் தூண்டிலும் அதே.

கொல்வதற்கான பயிற்சி தனி. எதிரே நிற்கும் மனிதனைச் சுடப் பலர் தயங்குவார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1950-களில், அமெரிக்கத் தரைப்படை வட்டக் குறிப்பலகைகளை ஓரங்கட்டிவிட்டு, திடீரென்று எழும்பும் மனித உருவப் பலகைகளைக் கொண்டுவந்தது. பலகை எழும், சுடுவான், அது விழும். இப்படிப் பல நூறு முறை. எழும்பும் உருவத்தைக் கண்டதும் விரல் தானாக இழுக்கும் அளவுக்குப் பழக்குவதை உளவியலில் பழக்கப்படுத்தல் என்பார்கள். இதில் வெறுப்பே தேவையில்லை என்பதுதான் திகிலான அம்சம்.

ஆக, வெட்கத்தால் சேர்க்கிறார்கள், அர்த்தமற்ற உத்தரவால் கேள்வியை அணைக்கிறார்கள், குழுவால் கட்டுகிறார்கள், திரும்பத் திரும்பச் செய்யவைத்துக் கையைப் பழக்குகிறார்கள். மூளைச்சலவை என்று ஒரே சொல்லில் சொல்வது இந்த நான்கையும் மறைத்துவிடுகிறது.

களத்தில் பிடித்துவைக்கும் விதிகள்

உள்ளே வந்தவனை வெளியே விடாமல் வைத்திருப்பது அடுத்த வேலை. இரண்டாம் உலகப் போரில் பி-25 விமானத்தில் குண்டு வீசுபவராக 60 முறை பறந்த ஜோசஃப் ஹெல்லர், 1961-ல் 'கேட்ச்-22' எழுதினார். அதில் ஒரு கர்னல், வீடு திரும்பத் தேவையான பறப்புகளின் எண்ணிக்கையை ஏற்றிக்கொண்டே போகிறார். ஐம்பது முடிக்கப்போகிறவனுக்கு ஐம்பத்தைந்து ஆகிறது, அங்கிருந்து ஏறி ஏறி எண்பதில் போய் நிற்கிறது. தலைப்பிலுள்ள விதி இன்னும் அழகு: பைத்தியம் பிடித்தவனைப் பறக்கவிடக் கூடாது, ஆனால் அவனே வந்து கேட்க வேண்டும், பறக்க மாட்டேன் என்று கேட்கிறான் என்றால் அவனுக்குப் புத்தி தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம், ஆகவே பறக்க வேண்டும். படிக்கச் சிரிப்பு வரும். விதியின் உள்ளே அகப்பட்டவனுக்கு அதன் விளைவு, எதைச் செய்தாலும் பலனில்லை என்ற முடிவுக்கு மனம் வந்துவிடுவது. அப்படி வந்த மனம் தப்பிக்க முயல்வதையே நிறுத்திவிடும்.

மாத்திரையும் உண்டு. 1940 ஏப்ரல் முதல் ஜூலை வரையிலான சில மாதங்களில் மட்டும் ஜெர்மன் படைகளுக்குப் பெர்விட்டின் முதலிய மெத்தாம்பெட்டமின் மாத்திரைகள் 3.5 கோடி அனுப்பப்பட்டன. தூக்கமும் பயமும் தள்ளிப்போகும், போன வேகத்தில் திரும்பியும் வரும்.

பயத்தைவிட ஆழமாக வெட்டுவது

பொதுவாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இந்த இடம்தான். சிப்பாயை உடைப்பது பயம் என்று நினைக்கிறோம். பல சமயங்களில் உடைப்பது, சரி என்று தான் நம்பியது மிதிபடுவது. வியட்நாம் சிப்பாய்களுக்குச் சிகிச்சையளித்த ஜோனதன் ஷே என்ற அமெரிக்க உளமருத்துவர் 1994-ல் இதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். உயிர் பணயமாக இருக்கும் நேரத்தில், முறையான அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்துக்குத் துரோகம் செய்வதால் வருவதை அவர் அறக்காயம் என்று பிரித்துக் காட்டினார். தான் செய்த காரியத்தாலேயே ஒருவனுக்கு வரும் காயத்தையும் பிறகு இந்தப் பெயரிலேயே சேர்த்துக்கொண்டார்கள். ஷே இதற்கு ஒப்பிட்டுப் பார்த்தது கிரேக்கக் கவி ஹோமரின் காவிய வீரன் அக்கிலிஸை. தலைவன் அகமெம்னான் அவனுக்குரிய பரிசைப் பறித்துக்கொள்கிறான், மற்றதெல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகிறது.

ரெமார்க்கின் நாவலில் வரும் குண்டுக்குழிக் காட்சியை அருகே போய்ப் பார்க்கலாம். இரவுத் தாக்குதலில் பால் ஒரு குழிக்குள் பதுங்கியிருக்கிறான். மேலே ஒரு பிரெஞ்சு வீரன் தவறி விழுகிறான். பால் யோசிக்கவே இல்லை, கத்தியால் குத்திவிடுகிறான். பாசறையில் பழகிய கை பழகியபடி வேலை செய்துவிட்டது. ஆனால் அந்த மனிதன் உடனே சாகவில்லை. வெளியே சுட்டுக்கொண்டிருப்பதால் பாலால் குழியைவிட்டுப் போகவும் முடியவில்லை. மணிக்கணக்காக அந்த மூச்சிரைப்பைக் கேட்கிறான், தண்ணீர் கொடுக்கிறான், காயத்தைக் கட்டுகிறான். செத்த பிறகு பர்ஸைத் திறந்தால் மனைவியும் குழந்தையும் இருக்கும் படங்கள், ஒரு பெயர், அச்சகத் தொழிலாளி என்ற விவரம். பயிற்சி எதை அகற்றியிருந்ததோ, எதிரே இருப்பவன் ஓர் ஆள் என்ற அந்த விவரம், தாமதமாகத் திரும்பி வருகிறது.

அதைவிட நுட்பமானது அடுத்து வருவது. முகாமுக்கு வந்து பால் புலம்புகிறான். நண்பர்கள் ஆறுதல் சொல்ல, மறைவிலிருந்து குறிபார்த்துச் சுடும் ஒருவனைக் காட்டுகிறார்கள். அவன் தான் கொன்றவர்களின் எண்ணிக்கையைப் பெருமையாக ஏற்றிக்கொண்டிருக்கிறான். போர் என்றால் போர்தான் என்று பால் அடங்கிவிடுகிறான். இதற்குப் பெயர் மரத்துப்போதல்: வலி தாங்காமல் மனம் உணர்ச்சியையே துண்டிப்பது. களத்தில் அது உயிர்காக்கும்.

ஊரில் என்ன ஆகும் என்பதை வர்ஜீனியா உல்ஃபின் 'மிஸஸ் டாலவே' (1925) காட்டுகிறது. செப்டிமஸ் தானாக முன்வந்து படையில் சேர்ந்தவன். போர் முடியும் தறுவாயில் நெருங்கிய நண்பனான அதிகாரி எவன்ஸ் சாகிறான். தனக்குப் பெரிதாக ஒன்றும் வலிக்கவில்லையே என்று செப்டிமஸ் தன்னையே மெச்சிக்கொள்கிறான். ஐந்து வருடம் கழித்து, 1923 ஜூனில், லண்டன் பூங்காவில் எவன்ஸ் அவனை நோக்கி நடந்து வருகிறான். அன்று துண்டித்த துக்கம்தான் இப்படி வருகிறது.

சிகிச்சையும் ஒரு பிடிதான்

செப்டிமஸைப் பார்க்கும் முதல் மருத்துவர் ஒன்றுமே இல்லை என்கிறார். இரண்டாமவர் ஓய்வு இல்லத்தில் அடைக்கச் சொல்கிறார். இது உல்ஃபின் கற்பனைக் கசப்பு மட்டும் இல்லை. 1915-ல் சார்லஸ் மையர்ஸ் என்ற ராணுவ மருத்துவர் 'ஷெல் ஷாக்' என்ற பெயரை மருத்துவ இதழ் ஒன்றில் அச்சேற்றினார். பெயர் பரவியதும் ராணுவம் கவலைப்பட்டது. எதிரியின் குண்டால் நேர்ந்தது என்றால் 'காயம்', இல்லையென்றால் வெறும் 'நோய்' என்று பிரித்தார்கள். காயம் என்றால் சீருடையில் பட்டை, ஓய்வூதியத்துக்கு வழி. நோய் என்றால் இரண்டும் இல்லை. 1917 வாக்கில் 'இன்னும் கண்டறியப்படாத நரம்புக் கோளாறு' என்ற குறிப்பை மட்டும் எழுதி அனுப்பச் சொன்னார்கள். அந்தப் போரில் தப்பியோட்டம், கோழைத்தனம் போன்ற குற்றங்களுக்காகப் பிரிட்டிஷ் ராணுவம் சுட்டுக்கொன்ற 306 பேருக்கு மன்னிப்பு வந்தது 2006-ல்.

பாட் பார்க்கரின் 'ரீஜெனரேஷன்' (1991) நாவல் முழுக்க இந்த முரண்பாட்டின் மேல் நிற்கிறது. கவிஞர் சீக்ஃப்ரீட் சசூன் 1917 ஜூலையில் போரைக் கண்டித்து அறிக்கை விட்டார். ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினால் நாடே பேசும். எனவே மனநிலை சரியில்லை என்று எடின்பரோ அருகே கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். அங்கே மருத்துவர் ரிவர்ஸ் மென்மையானவர், பேசவைத்துக் குணப்படுத்துபவர். ஆனால் குணமானால் எங்கே போவார்கள்? திரும்பக் களத்துக்கு. சசூன் அந்த நவம்பரிலேயே பணிக்குத் திரும்பத் தகுதியானார். தன் ஆட்களை விட்டுவிட்டு இருக்க முடியவில்லை என்பது அவருடைய காரணம். பாசறையில் கட்டிய கயிறு மருத்துவமனையிலும் அறுபடவில்லை. கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கு மட்டும். பேச்சிழந்து வந்த சாதாரணச் சிப்பாய்கள் சிலருக்கு லண்டனில் தொண்டையில் மின்சாரம் பாய்ச்சினார்கள்.

சுருக்கமாக: மனவடு பயத்தால் மட்டும் வருவதில்லை, துரோகத்தாலும் தான் செய்ததாலும் வருகிறது. அதற்கு என்ன பெயர் வைப்பது என்பதையும் பல சமயம் ராணுவத்தின் தேவைதான் தீர்மானிக்கிறது.

கதைகள் எங்கே பிசகுகின்றன?

பழைய நினைவு திரும்புவதை ஸ்லோமோஷன் வீடியோவாகக் காட்டுவது முதல் பிசகு. பெரும்பாலும் அது படமாக வருவதில்லை. டிராம் கிறீச்சிடுவது தன் மேல் பாயும் குண்டின் ஊளையாகக் கேட்டு, விடுமுறையில் வந்த பால் தெருவில் பதறுவதுபோல, உடம்பில் வரும். பாதிக்கப்பட்டவனை எந்த நேரமும் வெடிக்கும் கொலைகாரனாக்குவது இன்னொன்று. பெரும்பாலோர் ஒதுங்குகிறார்கள், குடிக்கிறார்கள், பேச்சை மாற்றுகிறார்கள். காதலி ஒருமுறை கட்டிப்பிடித்ததும் குணமாவதும் கதைகளில் மட்டும்தான். இன்று நிரூபிக்கப்பட்ட பேச்சுச் சிகிச்சைகளில் ஒன்று, நடந்ததை முறையாகத் திரும்பத் திரும்பச் சொல்லவைப்பது. அதற்கே சாதாரணமாக ஒவ்வொன்றும் ஒன்றரை மணி நேரம் வரை போகும் 8 முதல் 15 அமர்வுகள் பிடிக்கும்.

தமிழில் இந்த விஷயத்தைப் படிக்க நினைப்பவர்கள் யாழ்ப்பாணத்திலிருந்து தொடங்கலாம். அங்கே பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம் போருக்கு நடுவில், 1990-களில், 'மனவடு' என்றே ஒரு நூல் எழுதினார். ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001), பதின்ம வயதில் இயக்கத்தில் சேர்ந்த ஒருவனின் கதை. எது அவனைச் சேர்த்தது, எது கட்டிவைத்தது, எது உடைத்தது என்ற மூன்று கேள்விகளோடு அதைப் படித்துப் பார்க்கலாம்.

ரெமார்க்கை 2022-ல் வந்த நெட்ஃபிளிக்ஸ் படமாக மட்டும் பார்த்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதில் ஹிம்மல்ஸ்டாஸ் இல்லை, பால் விடுமுறையில் வீட்டுக்குப் போவதும் இல்லை. சண்டைக் காட்சிகள் அசத்தல்தான். ஆனால் மனம் எப்படி வளைக்கப்பட்டது, வளைந்தது வீட்டில் எப்படித் தெரிகிறது என்ற இரண்டு முனைகளும் போய்விட்டன, நடுவிலுள்ள சேறு மட்டும் மிச்சம். இரண்டையும் பார்க்க வேண்டுமென்றால் 1930-ன் கறுப்பு வெள்ளைப் படத்துக்குப் போகலாம், அல்லது நாவலுக்கு.